ஹேஸ்டிங்ஸ் நகர வரலாற்று ஆர்வலர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள நம் ஊரைப் பற்றி நாமே பரப்பிவரும் கதைகளைச் சலித்துப் பார்ப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். கைதூக்கும்போது எல்லோரும் உற்சாகமாகத்தான் இருந்தோம். ஹேஸ்டிங்ஸ் போர் எனப்படும் 1066ஆம் ஆண்டுப் போர் நம் ஊரில் நடக்கவில்லை, வடமேற்கே ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தள்ளி, இன்று பேட்டில் எனப்படும் ஊரில் நடந்தது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அதற்காகப் படையெடுத்து வந்த நார்மண்டிக் கோமகன் வில்லியம் கரையிறங்கியதும் இங்கே அல்ல, பெவன்சியில் என்றபோதுதான் முணுமுணுப்பு எழுந்தது. "அப்படியானால் கடற்பாலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லில் அவர் சாப்பிட்டது?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அந்தக் கல்லை அகற்ற வேண்டாம், கதையையும் விட வேண்டாம். "என்பது செவிவழிச் செய்தி" என்று சேர்த்துச் சொன்னால் போதும் என்பது செயற்குழுவின் முடிவு. இதில் மனம் வருந்தி ஒருவர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

இந்த ஆண்டு அதிக நேரம் செலவிட்டது ஸ்டேட் என்ற மீனவர் கடற்கரையின் உயரமான கறுப்பு மர வலைக்கூடங்களில். சுற்றுலா வருகிறவர்களிடம் "உயரமாக இருப்பது வலைகளைத் தொங்கவிட்டு உலர்த்துவதற்காக" என்று நம்மில் பலரும் சொல்லிவந்தோம். உள்ளே போய்ப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது. பெரும்பாலான கூடங்களின் தரை 8, 9 அடிச் சதுரம்தான்; மேலே அடுக்கடுக்காகப் பலகைத் தளம். ஈர வலையை அங்கே ஏற்றிவைத்தால் உலராது, மக்கும். அந்தக் காலத்து வலையும் கயிறும் பருத்தி, சணல் போன்றவற்றால் ஆனவை. ஆகவே வலைகளை வெளியே கடற்கரையில் காயவைத்து, நன்றாக உலர்ந்த பிறகே உள்ளே அடுக்கினார்கள். கூடம் என்பது மழை படாத சரக்கறை. மேல்நோக்கி வளர்ந்ததற்குக் காரணம் இடநெருக்கடி: 1830களில் கரையோர நிலத்தைச் சிறு மனைகளாக வகுத்தார்கள், பக்கவாட்டில் நகர வழியில்லை. துறைமுகம் இல்லாத ஊர் என்பதால் படகுகளையும் கூழாங்கல் மேட்டில்தான் இழுத்து ஏற்ற வேண்டும். அவற்றுக்கும் இடம் விட்டாக வேண்டும். இன்றும் அப்படித்தான் ஏற்றுகிறார்கள். படகுகளின் பக்கத்தில் 'ஆர்எக்ஸ்' என்று எழுதியிருப்பது ஏன் என்று சிறுவர்கள் கேட்டார்கள். அது பக்கத்து ஊரான ரையின் பதிவெழுத்து. தன் படகுக்குக்கூடத் தன் பெயரை எழுதிக்கொள்ளாத ஊர் இது.

பொய்களும் நம் வரலாற்றின் பகுதியே என்பதற்குச் சான்றாகக் குளிர்காலத்தில் இரண்டு உரைகள் வைத்தோம். முதலாவது 'ஹேஸ்டிங்ஸ் அரிய பறவைகள்'. 1890களிலிருந்து 1920கள் வரை பிரிட்டனில் எங்கும் காணாத பறவைகள் இந்த வட்டாரத்தில் மட்டும் சுடப்பட்டதாகத் தகவல்கள் குவிந்தன. செயிண்ட் லெனார்ட்ஸில் பறவைகளைப் பாடம் செய்துகொடுத்த ஜார்ஜ் பிரிஸ்டோவின் கை வழியாகவே பலவும் வந்தன. 1962இல் பறவையியலாளர்கள் புள்ளியியல் கணக்குப் போட்டு அந்தப் பதிவுகளை நிராகரித்தார்கள். 29 வகைகள் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீங்கின. பிற்காலத்தில் அவற்றில் பல தாமாகவே பறந்துவந்து, முறையாகப் பட்டியலில் சேர்ந்துகொண்டன. அரங்கில் அதிகம் சிரித்தது இதற்குத்தான்.

இரண்டாவது உரை 'கிரே அவுல்' பற்றியது. 1888இல் இங்கே பிறந்த ஆர்ச்சிபால்ட் பெலானி கனடாவுக்குப் போய், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, தம்மை அமெரிக்கப் பழங்குடியான அப்பாச்சி இனத் தாயின் மகன் என்று சொல்லிக்கொண்டு, காடுகளையும் நீர்நாய் போன்ற பீவர்களையும் காக்க எழுதியும் பேசியும் உலகப் புகழ் பெற்றார். 1935இல் அதே வேடத்தில் இந்த ஊருக்கே வந்து உரையாற்றினார். வளர்த்த அத்தைமார் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள், வாய் திறக்கவில்லை. 1938இல் அவர் இறந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. அவர் பிறப்பைப் பற்றிச் சொன்னது பொய், பீவரைப் பற்றிச் சொன்னது மெய். இரண்டையும் ஒரே தராசில் போட எனக்கு மனம் வரவில்லை. கேள்வி நேரத்தில் பாதி அரங்கு என்னோடு உடன்படவில்லை.

1923–24இல் ஜான் லோகி பேர்டு இங்கே தொலைக்காட்சிச் சோதனைகள் நடத்தியதும், மின்னதிர்ச்சி பட்ட பிறகு கட்டட உரிமையாளர் இடத்தைக் காலிசெய்யச் சொன்னதும் அனைவரும் அறிந்தவை. அதற்கென ஒரு நடைச் சுற்று மட்டும் நடந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகள் பதித்த பாட்டில் ஆலி என்ற கடலோர நடைபாதையில் படம் எடுக்க வந்த கூட்டம், வரலாறு கேட்க வந்த கூட்டத்தைவிடப் பெரியது.

பொருளாளர் கணக்கைத் தனியே வாசிப்பார். நான் அதில் கைவைக்கவில்லை.

அடுத்த ஆண்டின் முதல் நிகழ்ச்சி புல்வர்ஹைத் கரையில் 'ஆம்ஸ்டர்டாம்' கப்பலைப் பார்ப்பது. நாகப்பட்டினத்தில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனியின் கப்பல் இது. பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) புறப்பட்ட முதல் பயணத்திலேயே சுக்கானை இழந்து, நோயும் கலகமும் சேர்ந்துகொள்ள, 1749 ஜனவரியில் இங்கே தரைதட்டி மணலில் புதைந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் மிகவும் வற்றும்போதுதான் அதன் மரச்சட்டங்கள் தலைகாட்டும். ஆகவே நேரத்தை நிர்ணயிப்பது செயற்குழு அல்ல, கடல். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அவசியம். சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட கப்பல் அது. "ஒரு சில்லு மட்டும்" என்று கேட்டவர்களுக்குப் பதில், கூடாது. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று சந்தா கட்டும்போதே சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்