எங்கள் உபதேசியாரின் ஓய்வூதியம் குறித்துப் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை, நிதிக்குழு உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

திருவிழாக் கொடியிறக்கத்தன்று, மறைக்கல்வி கற்பித்துக் கோயில் வேலைகளையும் கவனித்த உபதேசியாரான என் தந்தையாருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘தன்னலமற்ற தொண்டர்’ என்று நீங்கள் அறிவித்ததைப் பங்கு மக்கள் அனைவரும் அறிவார்கள். அடுத்த மாதமே அவருடைய சம்பள உறை நின்றுபோனதை மிகச் சிலரே அறிவார்கள். அதைப் பற்றிக் கேட்கப் போன என் தம்பிக்குக் கிடைத்த பதில் உங்களுக்கும் தெரிந்ததுதான்: உபதேசியார் செய்தது வேலை அல்ல, தொண்டு, தொண்டுக்கு ஓய்வூதியம் கிடையாது, கோயிலுக்குச் செய்ததற்குக் கணக்குப் பார்க்கலாமா?

பார்க்கலாம் என்று சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். என் தந்தையார் இந்தப் பங்கில் வேலை பார்த்தார் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் கொடுங்கள். எங்கள் வேண்டுகோள் இவ்வளவே.

தொண்டு எது, வேலை எது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் பாட்டனார், பூசை இலத்தீனில் நடந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாமலேயே பதில்மொழிகளை மனப்பாடமாகச் சொன்னவர். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் பூசை தமிழுக்கு வந்தபோது, புதிய செபங்களைக் கேட்டுக் கேட்டுத் தாமும் கற்று, தெருவில் இருந்த முதியவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். அது தொண்டு. அதற்காக நாங்கள் ஒரு பைசாவும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டோம். என் தந்தையாரின் கதை வேறு. பட்டறையில் நிரந்தர வேலையில் இருந்தவரை, ‘கோயிலுக்கு வந்துவிடு, குடும்பத்தைப் பங்கு பார்த்துக்கொள்ளும்’ என்று அப்போதைய பங்குத்தந்தை அழைத்தார். வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் இருந்த அந்த வேலையை விட்டுவிட்டு அவர் முழுநேர உபதேசியாரானார். அன்று யாரும் நியமனக் கடிதம் தரவில்லை. குருவானவரின் வாய்ச்சொல்லுக்கு மேல் ஒரு கடிதம் வேண்டும் என்று கேட்கும் வழக்கமும் அப்போது இல்லை.

விடியற்காலை மணி அடிப்பதில் தொடங்கி, திருமுழுக்குப் பதிவேடு எழுதுவது, கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு ஓலைகளைத் தயாரிப்பது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துவது, சாவு வீட்டில் செபம் சொல்லிக் காசிமேடு கல்லறை வரை உடன் செல்வது என்று அவருடைய நாள் இரவில்தான் முடியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கோயிலுக்குள் வந்த இரவில், எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, அவர் பதிவேடுகளைப் பாடகர் மாடத்துக்குத் தூக்கிச் சென்றுகொண்டிருந்தார்.

ஆயினும் நான் அதிகம் சொல்ல வேண்டியது என் தாயாரைப் பற்றி. பீடத்துணிகளையும் திருக்கிண்ணம் துடைக்கும் துணிகளையும் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தவர் அவர். அவருக்கு எந்தக் காலத்திலும் உறை என்று ஒன்று இருந்ததில்லை. அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது என்பதும், முதல் அலசல் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பதும் நீங்கள் அறியாததல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, லாரித் தண்ணீருக்காக எங்கள் தெருவே குடங்களோடு காத்துக்கிடந்தது. வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு வைத்துக் கொடுத்த அந்த நாட்களில், கிடைத்த முதல் குடத்தை அம்மா கோயில் துணிக்கென்று மூடி வைத்துவிடுவார். மீதியில்தான் சமையலும் எங்கள் குளியலும். வேலைக்குப் போகும் அவசரத்தில் நான் ஒருநாள் அந்தக் குடத்தில் கை வைக்கப் போனபோது, ‘அது ஆண்டவருடையது’ என்று என் கையைத் தட்டிவிட்டார். அந்த மாதங்களில் ஒரு ஞாயிறுகூட அழுக்குத் துணியோடு பீடம் இருந்ததில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பங்கிலிருந்து யாரும் அவரைக் கேட்டதும் இல்லை. அப்பாவின் மருந்துக்கு அவருடைய சம்பள உறையை நம்பியிருந்தவரும் அம்மாதான். இன்று மருந்துக்காக அம்மா கடன் கேட்கப் போகும் வீடுகளில் பல, அப்பா மறைக்கல்வி கற்றுக்கொடுத்த பிள்ளைகளின் வீடுகள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் நமக்குப் பொருந்தாது என்று நிதிக்குழுவில் பேசப்பட்டதாக அறிகிறேன். 1972ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு உரியவை என்பது உண்மை. ஆனால் 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருஅவைச் சட்டம் ஆள் எண்ணிக்கை பார்ப்பதில்லை. திருஅவையின் சொத்துகளை நிர்வகிப்பவர்கள், வேலை செய்பவருக்கு அவரும் அவரை நம்பியிருப்பவர்களும் தகுந்தபடி வாழும் அளவுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது எண் 1286. திருஅவைப் பணியில் இருக்கும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் மட்டுமல்ல, முதுமைக்கும் நோய்க்கும் பாதுகாப்பும் உரிமை என்கிறது எண் 231. இதை எடுத்துச் சொல்லும் உரிமையை இறைமக்களுக்கு எண் 212 தருகிறது.

1891இல் தொழிலாளரின் கூலிக்காகக் குரல் கொடுத்த திருத்தந்தை 13ஆம் லியோவை நினைவுகூர்ந்து, 2025இல் புதிய திருத்தந்தை அதே பெயரை ஏற்றபோது, நம் கோயிலிலும் நன்றித் திருப்பலி நிறைவேற்றினோம். 1955இல் ஏற்படுத்தப்பட்ட, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை ஆண்டுதோறும் மே 1ஆம் நாள் கொண்டாடுகிறோம். அந்தத் திருப்பலிக்கும் மணி அடித்தவர் ஒரு தொழிலாளி என்பது பீடத்திலிருந்து பார்க்கும்போது தெரியாமல் போனது எப்படி? மண்டபத்துக்குக் குளிர்சாதனம் பொருத்தப் பணம் இருக்கிறது; திருவிழாவின் மின்விளக்குகளுக்கும் வாணவேடிக்கைக்கும் இருக்கிறது; நன்கொடையாளர் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி வைக்கவும் இருக்கிறது. உழைத்தவரின் மருந்துக்கு என்று வரும்போது மட்டும் கோயில் ஏழையாகிவிடுகிறது. இது எங்கள் பங்கில் மட்டும் நடப்பதும் அல்ல. வாழ்நாள் முழுவதும் உழைத்துவிட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்கும் உபதேசியார்களையும், கோயில் சமையற்காரம்மாக்களையும், கல்லறை வெட்டுபவர்களையும் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்காகப் பேசும் அதிகாரம் எனக்கு இல்லை. எங்கள் வேண்டுகோளுக்கே திரும்புகிறேன். என் தந்தையார் பணியில் சேர்ந்த நாளும் ஓய்வு பெற்ற நாளும் குறித்த பணிச்சான்று ஒன்றைப் பங்கு முத்திரையுடன் தாருங்கள். நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து அவருக்கு ஓய்வூதியம் வழங்குங்கள். அவருக்குப் பின் என் தாயாருக்கும் அது தொடர வேண்டும். தொகை எவ்வளவு என்பதை நிதிக்குழுவே முடிவு செய்யட்டும், ஆனால் முடிவை வாய்ச்சொல்லாக அல்லாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, பேச எனக்கும் வாய்ப்பளிக்குமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவில் தங்கள் பணிவுள்ள,
உபதேசியாரின் மகள்
வட சென்னை