காலியானது நம் தெரு மட்டும்

சிவமயம்

அன்புள்ள மகனுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இவ்விடம் ஆத்தாளும் நானும் நலம். அங்கு நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

சென்ற வாரம் பேசியபோது, ஊரே காலியாகிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னாய். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. காலியானது நம் தெரு, ஊர் அன்று.

செட்டிநாட்டு நகரத்தாராகிய நமக்குத் தலைக்கட்டை எண்ணும் முறை தனி. மணமான ஒருவன் மனைவியோடு சேர்ந்து ஒரு புள்ளி. அவன் பர்மாவில் கொண்டுவிற்று வாணிகம் செய்தாலும் மலேயாவில் கடை வைத்தாலும் கோயில் வரி அவன் பேரில் விழும், அவனும் ஊர்க்காரனாகவே இருப்பான். அரசாங்கக் கணக்கெடுப்போ இங்கே குடியிருப்பவரை மட்டும் எண்ணி, பூட்டிக் கிடக்கும் நம் பங்காளி வீடுகளை ஆளில்லாத வீடுகள் என்று குறித்துக்கொண்டு போகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நீ முதல் கணக்கில் இருக்கிறாய், இரண்டாவதில் இல்லை. நம் வயலில் நடவு நட்டவர்களுக்கு அது நேர்மாறு. ஊர் என்றதும் நம் மனத்தில் வருவது புள்ளிக் கணக்கு மட்டுமாக இருப்பதால்தான் நமக்கு எல்லாம் வெறிச்சோடித் தெரிகிறது.

கண்மாய்க் கரையைத் தாண்டிப் போனால் வல்லம்பர் தெருவிலும் கோனார் தெருவிலும் விளக்கெரியாத வீடு இல்லை. வேளார் வீட்டில் ஐயனார் கோயில் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு இன்றும் மண்குதிரை செய்கிறார்கள். நாம் பெருமையோடு காட்டும் வீடுகளைக் கட்டிய கொத்தனார், ஆசாரிமாரின் பேரப்பிள்ளைகள் இங்கேதான் இருக்கிறார்கள். தேவேந்திரர் தெருப் பெண்பிள்ளைகள் காலைப் பேருந்தில் காரைக்குடிக் கல்லூரிக்குப் போகிறார்கள்; என் அப்பச்சியான உன் ஐயா காலத்தில் அந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011 கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகை 13,39,101. ஆயிரம் ஆண்களுக்கு 1003 பெண்கள். ஆண்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைப்புக்குப் போய்விட, நூறுநாள் வேலைத்தளத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் கிராமசபையிலும் பெண்களே நிற்பதைப் பார்க்கிற எனக்கு அந்த எண் வியப்பளிக்கவில்லை.

எல்லாரும் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று உனக்கு அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். எந்தச் சாதியார் வடம் பிடிப்பது என்ற வழக்கால் பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேவகோட்டை அருகே உள்ள கண்டதேவிக் கோயில் தேர் 2024 ஆனியில்தான் ஓடியது. அடுத்த கணக்கெடுப்பில் சாதியையும் கேட்டு எழுதப்போகிறார்கள். 1931 கணக்கெடுப்புக்குப் பிறகு நாடு முழுவதற்குமாக எல்லாச் சாதியின் எண்ணிக்கையும் வெளிவந்ததில்லை. ஊரில் யார் எத்தனை பேர் என்பது தெரிந்தால், எந்தத் தெருவுக்கு எது வந்து சேரவில்லை என்பதும் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஊருணி. கரை இடிந்து, வரத்துக்கால் மண்மூடிக் கிடக்கிறது. இம்முறை நம் புள்ளிக்காரர்கள் மட்டும் கூடி முடிவெடுக்காமல், தண்ணீர் எடுக்கும் எல்லாத் தெருக்காரர்களையும் சமமாக உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிலருக்கு அதில் விருப்பமில்லை. செப்பனிடும் செலவில் நம் வீட்டுப் பங்கை மாசி பிறப்பதற்குள் அனுப்பிவை. அதோடு, அந்தக் கூட்டத்திற்கு நீயும் சம்மதம் என்று நம் பங்காளிகளுக்கு உன் கைப்பட ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
அப்பச்சி