பொதுக் கல்விப் பட்டம்: ஹூஸ்டன் நண்பனுக்கு ஒரு கடிதம்

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பொறியியலை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போன உன் மகன், விட்ட படிப்பைப் பொதுக் கல்வி இளங்கலையாக முடிக்க விரும்புகிறான் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால், “எதையாவது படித்து 120 கிரெடிட் சேர்த்தால் தருகிற பட்டம் ஒரு பட்டமா?” என்று நீ வருந்தியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவிலேயே காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதன்மைப் பாடம் என்று ஒன்று இல்லாத படிப்பில்தான் விதிகளை வரி விடாமல் படிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்ன பருவத்தில் இன்ன பாடம் என்று வழிநடத்தும் துறை எதுவும் அங்கே இல்லை.

அமெரிக்காவில் இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் மதிப்பு அலகு), அதாவது ஏறத்தாழ 40 பாடங்கள் என்பது உண்மை. அந்த 120-க்குள் வேறு பல கணக்குகள் அடங்கியிருக்கின்றன. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் அடிப்படைப் பாடங்கள் மட்டுமே 42 கிரெடிட். அவற்றில் அமெரிக்க வரலாற்றுக்கு 6, அரசியலுக்கு 6 என்று மாநிலச் சட்டமே வகுத்திருக்கிறது. கணிதத்தையும் இயற்பியலையும் முதலில் முடித்த உன் மகனுக்கு இவை பாக்கி இருக்கக்கூடும்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது மேல்நிலைப் பாடங்களில்தான். மூன்றாம், நான்காம் ஆண்டுக்குரிய அவற்றில் 30 முதல் 45 கிரெடிட் வரை, பல்கலைக்கழகத்துக்கு ஏற்ப, கேட்பது வழக்கம். உங்கள் மாநிலத்தில் பாட எண்ணைப் பார்த்தாலே நிலை தெரிந்துவிடும்: 1301 என்றால் முதலில் உள்ள 1 முதலாண்டையும், இரண்டாவதாக உள்ள 3 கிரெடிட் எண்ணிக்கையையும் குறிக்கும். 3 அல்லது 4 என்று தொடங்குபவையே மேல்நிலைக் கணக்கில் சேரும். கட்டணம் குறைவு என்பதற்காகச் சமுதாயக் கல்லூரியிலேயே பாடங்களைச் சேர்த்துக்கொண்டு போனால், அங்கே நடப்பவை பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் என்பதால், மொத்தம் ஏறுமே தவிர இந்தக் கணக்கு அசையாது. பட்டம் தருகிற இடத்திலேயே குறைந்தது கால் பங்கு, அதாவது 30 கிரெடிட் படித்திருக்க வேண்டும் என்பதும், மதிப்பெண் சராசரி 4-க்கு 2.0 இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தவை.

ஒரு சின்னக் கணக்கு குறைந்தாலும் பட்டம் தடைபடுவது நம் ஊரிலும் நடக்கிறது. தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி என்று போகும் 140 கிரெடிட்டில், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை அடங்கிய பகுதி 5-க்கு ஒரே ஒரு கிரெடிட். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியிருந்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு விண்ணப்பிக்கத் தன் தந்தையோடு வந்து நின்றபோது, அவளுடைய மதிப்பெண் பட்டியலில் பகுதி 5-க்கான கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமில் அந்தப் பிள்ளை மண் சுமந்தது எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டில்தான் அவள் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவ்வாண்டு விழாவே நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தந்தையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பட்டத்தின் மதிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எம்.எஸ்ஸி. சேர வேண்டுமென்றால் இளங்கலையில் அதே பாடத்தையோ அதற்கு இணையானதையோ பெரும்பாலும் கேட்பார்கள். ஆகவே இந்தியாவில் மேற்படிப்பு என்ற எண்ணம் இருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளட்டும். அங்கேயே வேலையில் உயர்வதுதான் நோக்கம் என்றால் இந்தப் பட்டம் அவனுக்குப் பொருத்தமானது என்பேன். இரண்டு மூன்று துறைகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் உண்டு. சரக்குப் போக்குவரத்தில் வேலை செய்கிற பையன் மேலாண்மை, புள்ளியியல், புவியியல் என்று ஒன்றுக்கொன்று உறவுள்ளவற்றை எடுத்தால், மேல்நிலைக் கணக்கும் நிறையும், வேலைக்கும் உதவும்.

முதலில் அவன் பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியலை வாங்கட்டும். பணம் கட்டுவதற்கு முன்பே, எந்தெந்தப் பாடத்தை எந்தக் கணக்கில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று புதிய பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். கடைசிப் பருவத்தில் பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்கவும் வேண்டியிருக்கும். பட்டியலின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பு. மேல்நிலைப் பாடங்கள் எத்தனை, பாக்கி எத்தனை என்று பிரித்து எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்