ஃபிரேம் எந்த நாட்டில் செய்யப்பட்டது? நுகர்வோர் விவகாரங்கள் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்
செயலர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரங்கள் துறை, இந்திய அரசு,
கிருஷி பவன், புது டில்லி.

பொருள்: மிதிவண்டிகளில் ஃபிரேம் செய்யப்பட்ட நாட்டைத் தனியாகக் குறிப்பிடும்படி விதியைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சேலத்தில் சிறிய அளவில் மிதிவண்டி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பள்ளி செல்லும் பிள்ளைக்கு வண்டி எடுக்க வருகிறவர் விலையையும் உறுதியையும் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 30,000, 50,000 ரூபாய் என்று செலவழிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "இந்த ஃபிரேம் எங்கே செஞ்சதுங்க?" வண்டியில் ஒட்டியிருக்கும் எந்தச் சீட்டும் அதற்கு விடை சொல்வதில்லை. அந்த விடையை வண்டியிலேயே எழுதவைக்கும் அதிகாரம் தங்கள் துறையிடம் இருப்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011இன் 6ஆம் விதியில் 2017ஆம் ஆண்டு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இறக்குமதியான பொருளாக இருந்தால் அதன் மூல நாடு அல்லது தயாரிப்பு நாடு அல்லது பாகங்கள் பூட்டப்பட்ட நாடு பொட்டலத்தின் மேல் குறிப்பிடப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் இது போதும், ஏனெனில் அவற்றுக்கு இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே நாடாகத்தான் இருக்கும். மிதிவண்டியின் கதை வேறு. ஒரு நாட்டில் வெல்டிங் ஆன ஃபிரேம் இன்னொரு நாட்டில் சாயம் பூசப்பட்டு, மூன்றாவது நாட்டில் சக்கரமும் கியரும் பூட்டப்பட்டுப் பெட்டிக்குள் போகலாம். இம்மூன்றில் எந்த நாட்டின் பெயரை எழுதினாலும் விதி நிறைவேறிவிட்டதாகவே தோன்றுகிறது. எழுதுகிறவர் தமக்கு எது மதிப்புத் தருமோ அதைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பொட்டலத்தின் மேல் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வண்டிகள் முக்கால் பங்குக்கு மேல் பூட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் கடைக்கு வருகின்றன. முன் சக்கரம், ஹேண்டில்பார், பெடல், சீட் ஆகியவற்றைப் பொருத்தி, பிரேக்கையும் கியரையும் சரிசெய்து காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் வேலை. அன்று மாலையே பெட்டி பழைய அட்டை எடுப்பவரிடம் போய்விடும். வாங்குகிறவர் பார்ப்பது வண்டியை மட்டும்தான். சட்டம் அவருக்காக எழுதவைத்த வரியை அவர் பார்ப்பதே இல்லை. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்க வரிச் சட்டத்தின் 304ஆம் பிரிவு, இறக்குமதிப் பொருளின் மேலேயே, அப்பொருளின் தன்மை அனுமதிக்கும் அளவுக்கு அழியாத முறையில், கடைசியாக வாங்குகிறவர் கண்ணில் படும்படி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் அவர்கள் யோசித்ததை நாம் இப்போதாவது யோசிக்கலாம்.

மூன்றாவது சிக்கல்தான் பெரியது. விதி பேசுவது இறக்குமதியான பொருளைப் பற்றி மட்டுமே. ஃபிரேமை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, மற்ற பாகங்களை இங்கே பூட்டி விற்றால், அந்த வண்டி இறக்குமதியான பொருள் ஆகாது. இங்குள்ள நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் போதும், எந்த நாட்டையும் குறிப்பிடத் தேவையில்லை. வரி அமைப்பும் அந்த வழியையே காட்டுகிறது. 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் முழு மிதிவண்டிக்கான அடிப்படைச் சுங்க வரி 30 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பாகங்களுக்கு அப்போது அதைவிடக் குறைவான வரிதான். உள்நாட்டுத் தொழிலைக் காக்க நினைத்த அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, ஃபிரேமின் ஊரை யாரிடமும் சொல்லாமல் விற்பதற்கான வழி அகலமாகிவிட்டது.

ஃபிரேமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அழுத்தம் என்று தாங்கள் கேட்கலாம். மிதிவண்டி செய்வதில் உள்ள கடினமான வேலையெல்லாம் அங்கேதான் இருக்கிறது. 6061 என்ற அலுமினியக் கலவையில் ஃபிரேம் செய்கிறவர்கள், நடுவில் மெலிந்தும் இரு முனைகளில் தடித்தும் இருக்கும் குழாய்களை ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தும்படி வளைவாக வெட்டி, அச்சில் இறுக்கி, டிஐஜி (TIG) என்ற, மந்த வாயுவின் காப்பில் டங்ஸ்டன் முனையால் செய்யும் வெல்டிங் முறையில் இணைக்கிறார்கள். வெல்டிங்கின் சூட்டில் அந்த இடத்தில் உலோகம் பலமிழந்துவிடும். எனவே ஃபிரேம் முழுவதையும் ஏறத்தாழ 530 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். அப்படிக் குளிர்ந்த பிறகு சில மணி நேரம் உலோகம் மென்மையாக இருக்கும். அதற்குள் கோணல்களை நிமிர்த்திவிட்டு, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து முழு வலிமைக்குக் கொண்டுவருகிறார்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்ட ஃபிரேம், சாயம் பூசிய பிறகு நல்ல ஃபிரேமைப் போலவே பளபளக்கும். வெளியிலிருந்து பார்த்து என்னாலும் சொல்ல முடியாது. கார்பன் ஃபிரேமில் இன்னும் மோசம்: பிசின் ஊறிய நார்த்துணியை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறித்த கோணத்தில் கையால் அடுக்கி, அச்சுக்குள் வைத்து வேகவைக்கிறார்கள். இந்த வேலையை யார் எங்கே செய்தார்கள் என்பதுதான் வண்டியின் விலையில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. நிறுவனங்கள் நீண்ட கால உத்தரவாதம் தருவதும் ஃபிரேமுக்குத்தான்; வரிசை எண் அடிக்கப்படுவதும் ஃபிரேமின் மேல்தான். சக்கரம், கியர், பிரேக் எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அது அதே வண்டி. ஃபிரேமை மாற்றினால் வேறு வண்டி.

வண்டியின் பெயரைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜயன்ட், மெரிடா ஆகிய இரு தைவான் நிறுவனங்களும் 1972இல் தொடங்கப்பட்டவை. சிகாகோவில் தோன்றிய ஷ்வின் நிறுவனம் 1980இல் தன் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஜயன்டிடம் வண்டிகளைப் பெருமளவில் செய்து வாங்கத் தொடங்கியது. 1992இல் ஷ்வின் திவாலானது, ஜயன்ட் உலகின் மிகப்பெரிய மிதிவண்டி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அமெரிக்காவில் கையால் செய்தது என்று ஃபிரேமிலேயே எழுதிப் பெருமைப்பட்ட கேனன்டேல், பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்டு ஆலையில் ஃபிரேம் செய்வதை நிறுத்தித் தைவானுக்கு வேலையை மாற்றிக்கொண்டது. இத்தாலியின் கோல்னாகோ தன் உயர்வகை சி வரிசையை இத்தாலியில் செய்துகொண்டே மற்றப் பல ஃபிரேம்களைத் தைவானில் செய்விக்கிறது. நம்மூரில் இது தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று ஆங்கிலேயப் பெயர் தாங்கிய வண்டிகளை 1949இல் தொடங்கிய டிஐ நிறுவனம் அம்பத்தூரில் செய்துவந்தது. அவற்றில் பள்ளிக்குப் போன தலைமுறையில் எத்தனை பேர் அவற்றை வெளிநாட்டு வண்டி என்றே நம்பியிருப்பார்களோ!

இந்த விவரங்களைத் திரட்டுவது கடினம் என்று உற்பத்தியாளர்கள் சொல்லக்கூடும். அதை நான் ஏற்கவில்லை. வரி என்று வந்தால் எல்லாரும் திரட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுபவமே இதற்குச் சான்று. சீன மிதிவண்டிகள் அடக்க விலைக்கும் குறைவாக வந்து குவிகின்றன என்று 1993இல் அங்கே 30.6 விழுக்காடு பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டார்கள். 2005இல் அது 48.5 விழுக்காடானது. வரி போட்டவுடன் பாகங்களாகக் கொண்டுவந்து ஐரோப்பாவிலேயே பூட்டுவது பெருகவே, 1997இல் ஃபிரேம் உள்ளிட்ட முக்கியப் பாகங்களுக்கும் அதை நீட்டித்தார்கள். பின்னர் 2013இல் இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியா ஆகிய நாடுகளிலிருந்து அனுப்பப்படும் வண்டிகளுக்கும், அவை அந்நாட்டுத் தயாரிப்பு என்று அறிவிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், அதே வரி விரிந்தது. 2015இல் கம்போடியா, பாகிஸ்தான், பிலிப்பைன்சு. நாட்டின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதும் அங்கேயே தெரிந்தது: இலங்கை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்து, தன்னைப் பொறுத்தவரை அந்த நீட்டிப்புக்குப் போதிய ஆதாரமில்லை என்று வென்றது, 2017இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது, மொத்த மதிப்பில் அதன் பங்கு எவ்வளவு என்று அத்தனை விசாரணைகளிலும் கணக்குக் காட்டப்பட்டது. அந்தக் கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

இந்தியாவிலும் அப்படித்தான். வர்த்தக ஒப்பந்தங்களின்கீழ் வரிச்சலுகை கோரும் இறக்குமதியாளர், பொருளின் மூல நாடு எந்த அளவுகோலின்படி தீர்மானிக்கப்பட்டது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பர் 21 முதல் சுங்க விதிகள் சொல்கின்றன. அரசே வாங்கும்போதும் விவரம் கேட்கிறது: 2017ஆம் ஆண்டின் அரசுக் கொள்முதல் ஆணை, 2020இல் திருத்தப்பட்டபடி, பொருளில் உள்நாட்டுப் பங்கு 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள விற்பனையாளரை முதல் வகுப்பு என்றும், 20 விழுக்காட்டுக்குக் குறையாத விற்பனையாளரை இரண்டாம் வகுப்பு என்றும் பிரிக்கிறது. வரி வாங்கும் அரசுக்குத் தெரிகிறது, பொருள் வாங்கும் அரசுக்கும் தெரிகிறது. தன் சம்பாத்தியத்தில் வாங்குகிற குடிமகனுக்கு மட்டும் தெரிய வேண்டியதில்லை என்று எந்த நியாயத்தில் முடிவு செய்தோம்? மிதிவண்டியின் பிரதிபலிப்பானுக்கே 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. அந்தப் பிரதிபலிப்பானைத் தாங்கும் ஃபிரேமைப் பற்றி ஒரு வரி கேட்பது மிகையாகாது.

ஒரு மறுப்பை மட்டும் நான் மதிக்கிறேன். நாட்டின் பெயரை எழுதினால், சீனா என்று பார்த்த மாத்திரத்தில் மக்கள் வண்டியை ஒதுக்கிவிடுவார்கள். நல்ல பொருளும் அதில் அடிபடும் என்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். உலகின் விலையுயர்ந்த கார்பன் ஃபிரேம்கள் பல சீனாவிலும் தைவானிலும்தான் செய்யப்படுகின்றன. ஒரு ஃபிரேமின் உறுதியைச் சொல்வது ஐஎஸ்ஓ 4210 போன்ற தரநிலையின்கீழ் பெடல் அழுத்தத்தை 1,00,000 தடவை தாங்குகிறதா என்ற சோதனையேயன்றி நாட்டின் பெயர் அல்ல. ஆனால் இந்தத் தப்பெண்ணத்தை மறைப்பதால் போக்க முடியாது. நல்ல வண்டிகளின் மேலும் அந்த நாட்டின் பெயர் தெளிவாகத் தெரிந்தால்தான் மக்களின் எண்ணம் மாறும். இப்போது மலிவான வண்டியில் மட்டும் அது கண்ணில் படுகிறது; விலை கூடியதில் எங்கே வடிவமைத்தது என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கிறது. லூதியானாவில் சொந்தமாகக் குழாய் வெட்டி வெல்டிங் செய்யும் சிறிய ஆலைக்காரருக்கும் இதில் இழப்பு உண்டு. வந்த ஃபிரேமில் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவரும் அவரும் சட்டத்தின் முன் இன்று ஒரே உற்பத்தியாளர்கள்.

எல்லாப் பாகங்களின் நாட்டையும் எழுதச் சொல்லவில்லை. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1973 முதல் சிங்கப்பூரிலும் ஆலை வைத்திருக்கிறது. கியரின் ஊரைத் தேடப் புறப்பட்டால் முடிவே இருக்காது. ஃபிரேம் வெல்டிங் செய்யப்பட்ட அல்லது அச்சில் வார்க்கப்பட்ட நாடு, வண்டி பூட்டப்பட்ட நாடு என்று இரண்டே விவரங்கள், இறக்குமதியோ உள்நாடோ எல்லா வண்டிகளிலும், சீட் குழாயின் அடிப்பகுதியில் எளிதில் உரியாத சீட்டாகவோ ஃபிரேம் எண்ணோடு சேர்த்தோ இருக்க வேண்டும். சாயம் பூசுவதும் படம் ஒட்டுவதும் ஃபிரேம் செய்ததாகக் கொள்ளப்படக் கூடாது. வடிவமைத்த நாட்டை எழுத விரும்புகிறவர் எழுதட்டும். அந்த எழுத்து இந்த இரண்டு விவரங்களைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இணையத்தில் விற்கும்போதும் இவ்விரண்டும் விலைக்கு அருகிலேயே தெரிய வேண்டும். கையிருப்பை விற்றுத் தீர்க்கச் சிறு உற்பத்தியாளர்களுக்கும் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஓராண்டு அவகாசம் தரலாம்.

6ஆம் விதிக்கான வரைவுத் திருத்தத்தைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிட்டு, கருத்துக் கேட்கும்போது பெரிய நிறுவனங்களோடு நிறுத்திவிடாமல், வண்டியைப் பிரித்துப் பூட்டுகிற மெக்கானிக்குகளையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மிதிவண்டிக் கடைக்காரர் ஒருவர்,
சேலம்.