வாயைக் காணவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

நீ கடைசியாக வரைந்து அனுப்பிய மிருகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வந்து மூன்று மாதம் ஆகிறது. உனக்கு வேலை இருக்கும், பதில் கேட்டு எழுதவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான். அது எதைத் தின்கிறது? கொம்பு ஒன்பது, எண்ணிவிட்டேன். முதுகு நிறைய முள். வாயைத்தான் காணவில்லை.

அழகாக இல்லை என்று சொல்லவில்லை. நனைந்த பாறை போன்ற அந்தத் தோல் உன்னைத் தவிர யாருக்கு வரும்? அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியாகிவிட்டது. ஆனால் உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார். வெறும் நிழலைப் பார்த்தே இன்ன மிருகம் என்று தெரிய வேண்டும். இது முட்புதராகத் தெரிகிறது. உடம்பெல்லாம் முள்ளானால் கண் எங்கே போய் உட்காரும்?

காலும் மெலிவு. உடம்பு பெருத்தால் எலும்பு அதே விகிதத்தில் வளர்வது போதாது, இன்னும் தடிக்க வேண்டும் என்று கலிலியோ 1638இலேயே படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அண்ணன் அனுப்பிய படத்தில் நீயும் மெலிந்துதான் இருந்தாய். அது கிடக்கட்டும்.

கண்களைப் பக்கவாட்டில் வைத்திருக்கிறாய். அது மேய்கிற விலங்கின் கண், எந்தப் பக்கம் ஆபத்து வந்தாலும் ஓடுவதற்கு. வேட்டையாடுவதற்குப் பெரும்பாலும் முன்னால் இருக்கும். 1979இல் வந்த 'ஏலியன்' படத்து ஜந்துவுக்குக் கண்ணே தெரியாது. எங்கே பார்க்கிறது என்று புரியாததால்தான் அத்தனை பயம். அதற்குக்கூட வாய் இருக்கிறது, வாய்க்குள் இன்னொரு வாய்! முதலில் தீனியை முடிவு செய், தம்பி. தீனி தெரிந்தால் பல், பல்லுக்கேற்ற தாடை, தாடையைச் சுமக்கிற கழுத்து. தீனிதான் முதலில்.

கற்பனை விலங்கு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் அதன் உறுப்புகளை உண்மையான விலங்குகளிடமிருந்து எடுக்கச் சொன்னார் டா வின்சி: நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது. போன வாரம்தான் படித்தேன். படித்ததும் உன் டிராகன் நினைவுக்கு வந்துவிட்டது.

நான்காம் வகுப்பில் வரைந்தாயே, அது. 'நான்கு கால், இரண்டு சிறகு. முதுகெலும்பிக்கு ஆறு உறுப்பு கிடையாது' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விடைத்தாள் திருத்துகிற பழக்கம் என்று அப்பாவிடம் சமாளித்தேன். வௌவாலுக்குக் கைவிரல்களே நீண்டு சிறகாகியிருப்பதை உட்காரவைத்துச் சொல்லித் தந்திருக்கலாம். அந்த டிராகன் எங்கே தூங்கும் என்று நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் ஆறையே பிடித்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு நீயாக என்னிடம் படம் காட்டியது எத்தனை தடவை? இப்போதும் பார், கொம்பை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கொம்பு ஒன்பதும் இருக்கட்டும். வாய் ஒன்று வரைந்துவிடு, மூடிய வாயானாலும் சரி. அப்பா இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கிறார். நானும்தான்.

அம்மா