பழைய கணினி அறையைப் புலன் அறையாக்கும் முன்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பழைய கணினி அறையை, ஒளி, தொடுதல், அசைவு மூலம் சிறப்புக் குழந்தைகளைத் தூண்டவும் அமைதிப்படுத்தவும் உதவும் புலன் அறையாக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நீ இணைத்திருந்த விலைப்பட்டியல் மட்டும் உறுத்துகிறது. குமிழித் தூண் (தண்ணீரில் காற்றுக் குமிழிகள் ஏறும் ஒளிரும் குழாய்), ஒளியிழைத் திரை, பந்துக் குளம், சுழலும் விளக்கு எல்லாமே கூடுதல் தூண்டல் தருபவை. உன் பள்ளியில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையே அளவுக்கு மீறிய தூண்டல். அதனால் எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எதை அகற்றுவது என்று பார்.

பள்ளி நடக்கும் நேரத்தில் அந்த அறையில் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார். மின்விசிறியின் கடகடப்பு, டியூப் லைட் சோக்கின் ரீங்காரம், சத்துணவுக் கூடத்திலிருந்து வரும் தாளிப்பு வாசனை, காலையில் துடைத்த பினாயில் நெடி எல்லாம் தெரிந்துவிடும். விசிறியின் பேரிங்கை மாற்று. டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கலந்த எல்இடி விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவை, பல்பு யார் கண்ணிலும் நேராகப் படக்கூடாது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான டிம்மரில் சில எல்இடி துடிக்கும்; கைப்பேசி கேமராவில் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஜன்னலுக்கு இரட்டைக் கனத் திரை. சுவருக்குப் பளபளப்பில்லாத வெளிர் நிறம் எதுவானாலும் சரி.

திருவிழா சீரியல் செட் போடலாம் என்று எழுதியிருந்தாய். ஓடவும் மின்னவும் செய்யாமல் நிலையாக எரியும் செட் என்றால் மட்டும் போடு. விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள குழந்தைக்கு ஆபத்து.

குமிழித் தூண் கட்டாயம் வேண்டுமென்றால், ஐந்தடி உயரம், ஆறங்குல விட்டமுள்ள குழாய் கிட்டத்தட்ட 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அந்தக் கனத்தோடு சாய்ந்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள். சுவரோடு வளையம் போட்டு இறுக்கியே ஆகவேண்டும். காற்றுப் பம்பு அடியில் இருப்பதால் மின்சாரம் போனதும் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும். உங்கள் ஊர் மின்வெட்டில் தண்ணீரைப் பின்னால் விடாத நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத தூண் அதிக நாள் தாங்காது. போர் தண்ணீர் ஊற்றினால் உப்புக் கறை படியும், ஆர்ஓ தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று. அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விழும், ஈரத்துணியே போதும். அறையின் மின்னிணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் எதையும் பிளக்கில் சொருகாதே.

நான் உன் இடத்தில் இருந்தால் அந்தப் பணத்தை ஊஞ்சலில் போடுவேன். ஒற்றைக் கொக்கியில் தொங்குவது சுழலும், சுழற்சி பிள்ளையைக் கிளப்பிவிடும், சிலருக்கு வெகு நேரம் கழித்துத் தலைசுற்றும், வாந்தி வரும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்பாடுகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) உடன் இல்லாத பள்ளிக்கு இரண்டு கொக்கியில் தொங்கி முன்னும் பின்னும் மட்டும் ஆடும் ஊஞ்சல்தான் சரி. வேகமாக ஆடும்போது கொக்கியில் விழும் இழுவிசை ஆளின் எடையைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் போகலாம். பெரியவர் ஒருவர் பிள்ளையோடு உட்காருவதையும் சேர்த்தால், கொக்கி ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கவேண்டும். துளைக்குள் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்கிய கொக்கி ஆட ஆடத் தளர்ந்து கழன்றுவிடும். கான்கிரீட் உத்தரத்தில் குறுக்காகத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடச் சொல், அதுவும் பொறியாளர் பார்த்த பிறகு. ஓட்டுக்கூரை என்றால் தொங்கவிடவே வேண்டாம், தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் வாங்கு. கடற்கரை ஊர் என்பதால் கொக்கி, சங்கிலி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஊஞ்சல் எட்டும் கடைசிப் புள்ளியிலிருந்து சுவருக்கு மூன்றடி இடைவெளி, மேலே விசிறி இருக்கக்கூடாது.

இன்னொரு மூலையில் மேசை மேல் கறுப்புத் துணி போர்த்திய குகை, உள்ளே மெத்தை, ஒரு டார்ச். அவ்வளவுதான். புலன் அறை என்ற யோசனையைத் தொடங்கிய ஹுல்ஸெகேயும் வெர்ஹூலும் 1970களில் நெதர்லாந்தின் ஹார்ட்டன்பெர்க் மையத்தில் முதலில் போட்டதும் ஒரு கூடாரம்தான், அதில் விசிறிக் காற்றில் பறக்கும் காகிதத் துணுக்குகளும் தண்ணீரில் கரையும் மையின் நிழலும் இருந்தன. விலை உயர்ந்த தூண்களெல்லாம் பிறகு வந்தவை.

பிள்ளையை அமைதிப்படுத்த மடியில் வைக்கும் கனப்பையை உங்கள் தையல் ஆசிரியையே தைத்துவிடலாம். பிள்ளையின் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு, 20 கிலோ பிள்ளைக்கு ஒரு கிலோவில் தொடங்கு. 12க்கு 18 அங்குலப் பருத்தித் துணியில் நீளவாக்கில் நான்கு பட்டை தைத்து, ஒவ்வொன்றிலும் 40 கிராம் புளியங்கொட்டை போட்டுக் குறுக்கே தைத்து, மறுபடி போட்டுத் தைத்துக்கொண்டே போனால் 24 கட்டம் வரும். கொட்டையைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைக்காவிட்டால் வண்டு வைக்கும். இரட்டைத் தையல் போடச் சொல், பிரிந்தால் கொட்டை நேராக வாய்க்குப் போகும். பிள்ளை தானே தள்ளிவிடக்கூடிய கனம்தான் வைக்கவேண்டும். முகத்தை மூடக்கூடாது, தூங்கும்போது கூடாது.

தொட்டு விளையாடும் தட்டில் குன்றிமணியும் ஆமணக்கு விதையும் வரவே கூடாது, இரண்டும் கொடிய நஞ்சு. வாயில் போடும் பிள்ளைகளுக்கு வேகவைத்த ஜவ்வரிசி, பிசைந்த அரிசி மாவு கொடு. அன்றன்றைக்குக் கொட்டிவிடு.

வந்ததும் சுவரைத் தள்ளுவது, புத்தகப் பை சுமப்பது போன்ற கனமான வேலை ஐந்து நிமிடம், பிறகு ஊஞ்சல், கடைசியில் குகை. மொத்தம் இருபது நிமிடம். விளக்கின் சுவிட்ச் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கட்டும், எதைப் போடுவது, எப்போது அணைப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். முடிகிறது என்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே படஅட்டை காட்டு. திடீரென்று கதவைத் திறந்து ‘கிளம்பு’ என்றால் அத்தனையும் பாழ். கதவின் வெளித் தாழ்ப்பாளை இப்போதே கழற்றிவிடு, மங்கை. இல்லாவிட்டால் அடம் பிடிக்கும் பிள்ளையை அடைத்துவைக்கும் அறையாக அது மாற வெகுநாள் ஆகாது. நல்ல பிள்ளைக்குப் பரிசாகவும் அதைக் கொடுக்காதே, தேவைப்படுகிறவர்களுக்கான அறை அது.

அடுத்த கடிதத்தில் கூரையின் படம், அறையின் நீள அகலம், வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்பாசிரியர் வாரத்தில் எந்தெந்த நாள் வருகிறார் என்பதெல்லாம் எழுது. ஊஞ்சலுக்கு இடம் குறித்து அனுப்புகிறேன். அதுவரை எதற்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
கமலா