காந்த ஊசியின் திசை யார் தீர்மானித்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் கருத்துகள் யாவும் மனிதர் கட்டிய மாதிரிகளே, ஆகவே இயற்கையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை முடிவு கட்டியிருந்தது. பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்த 'ஆகவே'யை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டக் காந்தத்தின் மேல் தாளை விரித்து, இரும்புத்தூளைத் தூவி, விரலால் மெல்லத் தட்டினால், துகள்கள் நகர்ந்து வளைகோடுகளாக அணிவகுக்கும். இயற்கையே கோடு வரைந்துவிட்டது என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். தூளைக் கொட்டிவிட்டு மறுபடி தூவினால், முன்பு 12 கோடுகள் தெரிந்த பக்கத்தில் 9 மட்டுமே தெரியலாம். கோடுகளும் அவற்றின் எண்ணிக்கையும் நாம் பார்க்கும் விதத்தைச் சேர்ந்தவை. ஆனால் எத்தனை முறை தூவினாலும், தாளின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வைத்த சிறு காந்த ஊசி ஒரே திசையில்தான் வந்து நிற்கும். அதில் நம் விருப்பத்துக்கு இடமே இல்லை.

வானியலில் இதற்கு இன்னும் அழுத்தமான சான்று உண்டு. யுரேனஸின் பாதை கணக்கோடு பொருந்தாதபோது, நியூட்டனின் ஈர்ப்புக் கொள்கையை நம்பிய பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, அதை இழுக்கும் இன்னொரு கோள் இருந்தாக வேண்டும் என்று கணித்து இடத்தையும் குறித்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லின் வானாய்வகத்தில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பியபோது, குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் தென்பட்டது. அதே லெவெரியே, 1859இல் புதனின் பாதையில் கண்ட பிசகுக்கும் சூரியனை ஒட்டிய ஒரு கோளே காரணமாகலாம் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் தேடியும் அப்படியொரு கோள் அகப்படவில்லை. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை, அதாவது ஒரு பாகையின் எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த விலகலை, 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் விளக்கியது. அக்கொள்கையில் ஈர்ப்பு ஒரு விசையே அன்று, காலமும் வெளியும் ஒன்றிணைந்த காலவெளியின் வளைவு.

ஈர்ப்பு 'விசை' மனிதரின் கருத்து என்பதால்தான் அதைக் கைவிட்டு வேறொன்றை வைக்க முடிந்தது. கைவிடும்படி நம்மை நெருக்கியது புதன். கருத்து மாறியபின்னும் நெப்டியூன் மறைந்துவிடவில்லை. ஈர்ப்பு வலுவற்ற இடங்களில் புதிய சமன்பாடுகள் நியூட்டனின் கணக்கையே திரும்பத் தருகின்றன. எந்த மாதிரியை எடுத்தாலும் இந்த நெருக்குதலைக் கணக்கில் கொள்ளாமல் 'மாதிரிதானே' என்று ஒதுக்குவது, பாதி உண்மையை முழு உண்மையாக்குவதாகும்.

ஒரே கொள்கை, ஒரே மனிதர், ஒரே கணக்கு முறை; ஒரு கோள் கிடைத்தது, மற்றொன்று கிடைக்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குத் தம் பார்வையில் என்ன காரணம் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதினால் ஆவலோடு படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்